முழுப்பரீட்சை லீவு: திருவிழா, தோட்டம், விளையாட்டு



முழுப்பரீட்சை முடிஞ்சாச்சு. புத்தகப் பையைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டு புள்ளைங்க தெருவுக்கு வந்தாச்சு. இனிமே பள்ளிக்கூடம் ஜூன் மாசம்தான். "எப்படா பள்ளிக்கூடம் திறப்பாங்க" என்று ஒரு தடவையாவது அலுத்துக்கொள்ளாத தாய் நம்ம சாணார்பட்டி ஒன்றியத்தில் இருக்கிறாரா? நாம் புளி தட்டவும் மாங்காய் பறிக்கவும் காட்டு வேலைக்கும் போய்விடுகிறோம். வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் சரி. இல்லாவிட்டால் பொடுசுகள் எந்தக் கிணற்று மேட்டில் நிற்கிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கும்.

ஆனாலும் புள்ளைங்க வருஷமெல்லாம் காத்திருக்கிறது இந்த நாட்களுக்குத்தான். நாம் வளர்ந்து, கல்யாணம் முடிந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் நினைவில் நிற்பது பரீட்சை மார்க் இல்லை. அம்மாச்சி ஊர் மாந்தோப்பும் நுங்கு வண்டியும்தான். அதனால் இந்த மாதம் குழுவில் கடன், வட்டி கணக்கு பேசி முடித்த பிறகு கொஞ்சம் லீவைப் பற்றியும் பேசலாம் என்று நினைத்தோம்.

ஊருக்குப் போறதும் சாமி பார்க்கிறதும்

மாசியில் நத்தம் மாரியம்மன் திருவிழா, பூக்குழி, கழுமரம் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நம்ம பக்கத்துக்குப் பெரிய திருவிழா என்றால் மதுரை சித்திரைத் திருவிழாதான். மீனாட்சி கல்யாணம், தேர், சித்திரைப் பௌர்ணமி விடியற்காலையில் கள்ளழகர் வைகையில் இறங்குவது என்று வரிசையாக வரும். முன்னே மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்ததாகவும், அழகர் சோழவந்தான் பக்கம் தேனூர் ஆற்றில் இறங்கினதாகவும், திருமலை நாயக்கர் காலத்தில்தான் இரண்டையும் சித்திரையில் ஒன்றாகச் சேர்த்ததாகவும் சொல்வார்கள். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட 400 வருஷமாக வைக்கோல் பரப்பின மாட்டு வண்டியிலும், பிறகு பஸ்ஸிலும் வேனிலும் கிராமத்துச் சனம் போய்க்கொண்டே இருக்கிறது. சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி அழகரை வரவேற்பதும், தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவதும் புள்ளைங்களுக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

மதுரை வரை போக முடியாதவர்களுக்குத் தாடிக்கொம்பு இருக்கிறது. அங்கேயும் சௌந்தரராஜப் பெருமாள் அழகராகப் புறப்பட்டுக் குடகனாற்றில் இறங்குவார். பழனிக்குப் போகிறவர்கள் சித்திரைக் கடைசி 7 நாள், வைகாசி முதல் 7 நாள் அக்னி நட்சத்திரக் கழுவுக்கு மலையைச் சுற்றி வருவார்கள். அதிகாலையிலும் சாயங்காலமும் சுற்றுவதால் வெயில் தெரியாது. பெரியவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கொசவபட்டி, தவசிமடை மாதிரி ஊர்களில் வேதக்காரங்க வீட்டுப் புள்ளைங்களுக்குப் பெரிய வெள்ளி, ஈஸ்டர் முடிந்த கையோடு லீவு வரும். திண்டுக்கல் மேட்டுப்பட்டி பாஸ்கு பார்க்கப் போன கதையை வைகாசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது ஒரு விஷயம் மறக்க வேண்டாம். 2022 ஏப்ரல் 16 அன்று அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் சிக்கி 2 பேர் இறந்துபோனார்கள். கைக்குழந்தையோடும் வயசானவர்களோடும் ஆற்றுக்குள் முண்டியடிக்க வேண்டாம். மறுநாள் வண்டியூர்ப் பக்கமோ, மண்டகப்படிகளிலோ நிதானமாகப் பார்க்கலாம்; அழகர் எங்கேயும் ஓடிப்போக மாட்டார். சின்னப் புள்ளைங்க சட்டைப் பையில் உங்கள் பெயர், ஊர், போன் நம்பர் எழுதின சீட்டு ஒன்று இருக்கட்டும். வேன் எங்கே நிற்கிறது என்று இறங்கின உடனே எல்லாருக்கும் காட்டிவிடுங்கள்.

செலவு விஷயத்துக்கு வருவோம். திருவிழா, மொட்டை, காது குத்து, மொய் என்று சித்திரை, வைகாசியில் கையில் உள்ள காசு கரைந்துவிடும். ஜூன் பிறந்தால் நோட்டு, பை, செருப்பு, பஸ் காசு என்று வரிசை கட்டி நிற்கும். அப்போது போய்க் கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறோம். இதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தை மாதத்திலிருந்து சந்தாவோடு சேர்த்து வாரம் 20 ரூபாய் தனியாகப் பள்ளிக்கூடக் கணக்கில் போட்டால் மே கடைசிக்குள் 400 ரூபாய் போல சேர்ந்துவிடும். சிறுசுதான். ஆனால் இரண்டு புள்ளைங்களுக்கு நோட்டும் செருப்பும் வாங்கக் கொஞ்சமாவது ஆகும். இந்த வருஷம் விட்டுப்போயிருந்தால் இப்போதே தீர்மானம் எழுதி, ஜூனில் உள்கடன் கொடுக்கும்போது பள்ளிக்கூடச் செலவுக்கு முதல் இடம் என்று பேசி வைக்கலாம். திருவிழாவுக்கு ஆகிற செலவை மட்டும் கடனாக வாங்காதீர்கள். புள்ளைக்குப் பலூனும் ஜவ்வுமிட்டாயும் போதும். பெரியவர்களுக்குத்தான் புதுச் சேலை வேண்டியிருக்கிறது.

வெயில்ல தோட்டம் போட முடியுமா?

"குடிக்கவே தண்ணி இல்ல, இதுல தோட்டமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அக்னி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை. அந்த நாட்களில் தளிர் எல்லாம் பகலில் துவண்டு போகும். அதனால் கோடையில் பெரிய தோட்டம் போட வேண்டாம். வாசலிலும் கொல்லைப்புறத்திலும் நாலு குழி, ஒரு கீரைப் பாத்தி, கொஞ்சம் நாற்று. அவ்வளவுதான். மீதியை ஆடிக்குத் தயார் பண்ணுகிற வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தண்ணீர். பாத்திரம் கழுவுற தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணி, காய் அலசின தண்ணி இவற்றைச் சேர்த்தால் ஒரு வீட்டில் தினமும் ரெண்டு மூணு குடமாவது தேறும். அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவின தண்ணீரையும் நேரே கீரைக்கு ஊற்றலாம். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விட வேண்டாம். அது வாழைக்கும் கல்வாழைக்கும் சேம்புக்கும் போகட்டும், அவை தாங்கும். குளிக்கிற இடத்துப் பக்கத்தில் ரெண்டு வாழை வைத்துவிட்டால் சாக்கடையும் தேங்காது, கொசுவும் குறையும். எந்தச் செடிக்கும் உச்சி வெயிலில் தண்ணீர் விடாதீர்கள். சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்க வேருக்குக் கிடைக்கும்.

இன்னொரு வழி பானைப் பாசனம். பழங்காலத்து முறைதான், செலவு ஒரு மண்பானை. பூச்சுப் பூசாத பானையாக இருக்க வேண்டும். அதைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, தட்டு போட்டு மூடி, சுற்றிலும் பூசணி, சுரை, பீர்க்கு விதை ஊன்றி விடுங்கள். பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் மெதுவாகக் கசிந்து வேருக்கு மட்டும் போகும். மேல் மண் காய்ந்தே கிடப்பதால் களையும் அதிகம் முளைக்காது. பானையில் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்கிற வேலையை வீட்டில் இருக்கிற சின்னதுக்குக் கொடுங்கள். காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னாடியே பானையைத்தான் எட்டிப் பார்க்கும்.

நம்ம பக்கம் செவல் மண். தண்ணீர் நிற்காது, சத்தும் சீக்கிரம் இறங்கிவிடும். கொடிக் காய்க்கு ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுத்து ஒரு வாரம் வெயிலில் காயப் போடுங்கள். பிறகு ரெண்டு சட்டி மக்கின குப்பையும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு 5 விதை ஊன்றுங்கள். முளைத்த பிறகு நல்லதாக ரெண்டை மட்டும் விட்டு மீதியைக் கிள்ளிவிட வேண்டும். இங்கேதான் நமக்கு மனசு வராது. அஞ்சையும் விட்டால் அஞ்சும் சவலையாகத்தான் நிற்கும். செடியைச் சுற்றிக் காய்ந்த சருகு, கரும்புச் சோகை, தென்னை ஓலை எது கிடைத்தாலும் மூடாக்குப் போடுங்கள். மண் சூடாகாது.

கீரைக்குப் பொறுமை தேவையே இல்லை, அதனால் புள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தண்டுக்கீரை, சிறுகீரை விதை பொடியாக இருக்கும். நாலு பங்கு மணலோடு கலந்து தூவினால் சமமாக விழும். மேலே லேசாக மண் தூவி, பூவாளியால் தெளிக்க வேண்டும். குடத்தைச் சாய்த்து ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். மேலே தென்னங்கீற்றில் பந்தல் போட்டு நிழல் கொடுத்தால் 25 நாளில் பறிக்கலாம். வெண்டையும் சீனியவரையும் வெயிலைத் தாங்கும், 45 நாளில் காய் பார்க்கலாம். மே முதல் வாரம் ஊன்றினால் பள்ளிக்கூடம் திறந்த சில நாளில் வீட்டுச் சீனியவரைப் பொரியல். தான் ஊன்றின காயைத் தட்டில் ஒதுக்குகிற புள்ளையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

கொட்டாங்குச்சியில் நாற்று விடுவது இன்னொரு வேலை. கண்ணுள்ள பக்கத்துக் கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டு, செம்மண், மணல், மக்கின எரு மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பி, ரெண்டு மூன்று விதை போட வேண்டும். ஆடி பிறக்கும்போது நாற்று கையில் இருக்க வேண்டும் என்றால், மிளகாயை வைகாசி நடுவிலும் கத்தரியை வைகாசிக் கடைசியிலும் தக்காளியை ஆனி பிறந்து பத்து நாள் கழித்தும் விதைக்கலாம். மிளகாய்க்கு 40 நாள் ஆகும், தக்காளிக்கு 25 நாள் போதும். அதனால்தான் இந்த முன்னே பின்னே. ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள். நாம் தேடப் போகும்போது நாற்று கடையில்தான் இருக்கும், காசு கேட்கும்.

ஒரு கோடை மழை பெய்தால் முருங்கைப் போத்து வெட்டி நடலாம். விதை போட்டு வளர்க்கிறவர்களுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கின பி.கே.எம். 1 செடிமுருங்கை இருக்கிறது. ஆறு மாதத்தில் காய்க்க ஆரம்பித்துவிடும். விதை, நாற்று விவரங்களுக்கு ஒன்றியத்தில் இருக்கிற தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவாகப் போங்கள்.

பூச்சிக்கு மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பிழிந்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளியுங்கள். வேப்பம்பழம் உதிர்கிற ஆனி, ஆடியில் புள்ளைங்க பொறுக்கி வந்தால் வருஷம் முழுக்க வீட்டுக்கு ஆகும், மிச்சத்தை விற்கலாம். பூச்சியைவிடப் பெரிய எதிரி வெள்ளாடு. சுற்றிலும் முள் வேலி கட்டிவிட்டுத்தான் விதையையே கையில் எடுக்க வேண்டும்.

மாங்காயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கல்லாமை, செந்தூரம், காசாலட்டு என்று நத்தம், சாணார்பட்டித் தோப்புகளில் காய் இறங்குகிற காலம் இது. வீட்டுக்கு வைக்கோலில் பழுக்க வையுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. விற்பனைக்குப் போகிற காயாக இருந்தாலும் வேண்டாம், அதைத் தின்பதும் யாரோ ஒரு வீட்டுப் புள்ளைதான். அடிபட்ட காயை வற்றலாகப் போட்டுவிடலாம். மோர் மிளகாய், கூழ் வடகம், சீனியவரை வற்றல் எல்லாவற்றுக்கும் இந்த வெயில் பொன்னான வெயில். காக்கா ஓட்ட ஒரு ஆள் வேண்டும். கையில் குச்சியும் பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சை வடக மாவும் கொடுத்தால் ஆள் தானாக வந்து உட்காரும்.

பொம்பளைப் புள்ளைக்கும் லீவுதான்

பையன் கிட்டிப்புள் விளையாடப் போகிறான். பொண்ணு தண்ணி எடுத்து, தம்பியைப் பார்த்து, புளி கொட்டை எடுத்து, வடகத்துக்குக் காவல் இருந்து, ராத்திரி பாத்திரமும் கழுவுகிறாள். இது நம்ம வீடுகளில் நடக்கிறதுதானே? தோட்டத்து வேலையையும் அவள் தலையிலேயே ஏற்றிவிடக் கூடாது. பானைக்குத் தண்ணீர் ஊற்றப் பையனுக்கும் கை இருக்கிறது.

பத்தாம் வகுப்பு முடிச்ச பொண்ணு வீட்டில் இருந்தால் இந்த லீவு இன்னும் பெரிய விஷயம். பரீட்சை முடிந்த கையோடு மில் வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு வருவார். 2000-க்குப் பிறகு நம்ம மாவட்டத்திலும் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கமும் 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லி, மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று எத்தனை பொண்ணுகளைக் கூட்டிப்போனார்கள் என்பது நமக்குத் தெரியும். முழுசாக முடிக்காமல், பணமும் கைக்கு வராமல், உடம்பு கெட்டுத் திரும்பியவர்கள் உண்டு. 14 வயது முடியாத புள்ளையைப் பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்ப வேலையில் உதவுவது தவிர எந்த வேலையிலும் வைக்கக் கூடாது, 18 வரை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது என்று 2016-ல் திருத்தின சட்டம் சொல்கிறது. 18 ஆகாமல் கல்யாணமும் கூடாது. வைகாசி முகூர்த்தத்தில் அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் 1098-க்குச் சொல்லலாம். பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டாலும் துணைத் தேர்வு இருக்கிறது. ரிசல்ட் வந்த உடனே பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார்கள்.

பாண்டி, பல்லாங்குழி, கிணத்துக் குளியல்

பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை திண்ணையும் வேப்பமர நிழலும்தான் மைதானம். அந்த நேரத்துக்கென்றே தாயமும் சொட்டாங்கல்லும் பல்லாங்குழியும் இருக்கிறது. நம்ம ஊரில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? பலகை இல்லாவிட்டால் தரையில் இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு என்று 14 குழி தோண்டி, குழிக்கு 5 கொட்டை போட வேண்டும். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானால் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பது எல்லாம் நமக்கு. நடுவில் நம் குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியில் ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று மனசுக்குள் எண்ணிப் பார்க்கிற புள்ளைக்குக் கணக்கு தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பத்தாவைத் தோற்கடிக்க முடியாது என்பதும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

வெயில் தாழ்ந்த பிறகு பாண்டி, கோலிக்குண்டு, பம்பரம், ஓலைக் காத்தாடி. வெளியே விட்டால் ஒரு மண்பானையில் தண்ணீர் வாசலில் இருக்கட்டும். புள்ளை தலை சுற்றி, வாந்தி எடுத்துச் சோர்ந்தால் நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தட்டைக் கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரண்டி என்றால் டீக்கரண்டி. உடம்பு கொதித்து, நினைவு தவறினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

இனி கிணறு. கோடையில் கிணத்துக் குளியல் மாதிரி சுகம் உண்டா? மோட்டார் ஓடும்போது தொட்டியில் குளிப்பது வரை பயமில்லை. ஆனால் நம்ம காடுகளில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, படி இடிந்த கிணறு, கைவிட்ட கல் குவாரி என்று எத்தனை இருக்கிறது! அதோடு கண்மாயில் வண்டல் அள்ளின குழி. போன வாரம் கிரிக்கெட் ஆடின கண்மாய், ஒரு கோடை மழைக்குப் பிறகு ஒரே மட்டமாகத் தண்ணீர் நின்று குழி இருக்கிற இடமே தெரியாது. முழங்கால் அளவு என்று இறங்கின புள்ளை அடுத்த அடியில் முங்கிவிடும். ஆழ்துளைக் குழாய்க் கிணறு இன்னொரு எமன். 2019 அக்டோபரில் நமக்குப் பக்கத்து மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, நாலு நாள் ஊரே நாடே விழித்திருந்தும் உயிரோடு மீட்க முடியவில்லை. பயன்படாத குழாய்க் கிணற்றைக் கட்டாயம் மூட வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. உங்கள் ஊரில் வாய் திறந்த குழாய் இருந்தால் யார் காடு என்று பார்க்காமல் ஊராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். கூட்டமைப்பு லெட்டரில் எழுதினால் மதிப்பு அதிகம்.

நீச்சல் கற்றுக்கொடுக்காமல் கிணற்றுப் பக்கமே போகாதே என்று சொல்வதால் பயன் இல்லை. நாம் வேலைக்குப் போன பிறகு போகத்தான் போகிறார்கள். லீவிலேயே அப்பனோ மாமனோ கூட இறங்கி, இடுப்பில் கயிறு கட்டி, மூடி இறுக்கின காலிக் கேனைக் கட்டி ரெண்டு வாரம் பழக்கினால் வந்துவிடும். பொண்ணுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். குளிக்கப் போகிற கிணற்று மேட்டில் ஒரு நீளக் கயிறும் ஒரு காலிக் கேனும் எப்போதும் கிடக்கட்டும்.

யாராவது முங்கினால் நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. கையைப் பிடிக்கப் போய் அக்காளும் தங்கச்சியும் சேர்ந்து போவது இப்படித்தான். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டு, கயிறையோ கேனையோ சேலையையோ வீச வேண்டும். மேலே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. அதில் போகிற நேரம் உயிருக்குப் போகிற நேரம். சமமான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சின் நடுவில் வேகமாக அமுக்கி விட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல் செய்ய வேண்டும். இதைப் பார்க்காமல் கற்றுக்கொள்ள முடியாது. அடுத்த கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியரை அழைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். 108-க்குப் போன் செய்கிறவர் ஊர்ப் பெயரோடு பக்கத்தில் இருக்கிற கோயில், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் ஏதாவது ஒரு அடையாளம் சொல்லி, ஒரு ஆளை ரோட்டுக்கு அனுப்பி வையுங்கள். காட்டுக்குள் வருகிற வண்டிப் பாதை டிரைவருக்குத் தெரியாது.